மார்க்கோ போலோ கொடுத்த லிங்க்

சாந்தோம் நெடுஞ்சாலையை ஒட்டிய சந்தில் நண்பர் ஒருவர் டிபன் கடை திறந்தார். மாவாட்ட ஓர் ஆள் போட்டவர், கூகுளில் முதலிடம் பிடிக்கவும் ஒரு தம்பியைப் போட்டார். தம்பி இணையதளத்தில் எழுதியது இது: "சாந்தோமில் சிறந்த இட்லி வேண்டுமா? சாந்தோம் சிறந்த இட்லிக்கு, சாந்தோமின் சிறந்த இட்லிக் கடையான எங்கள் சாந்தோம் இட்லிக் கடைக்கு வாருங்கள்." படித்து முடிப்பதற்குள் எனக்கு விக்கல் வந்துவிட்டது.

"இது ரோபோ படிக்கறதுக்கு சார்" என்றான். ரோபோ இட்லி சாப்பிடுமா என்று நான் கேட்கவில்லை.

1998-இல் ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜும் செர்கே பிரின்னும் கூகுள் தேடலுக்காகச் சொன்ன பேஜ்ரேங்க் கணக்கு, நம் ஊர்ப் பெண் பார்க்கும் படலம்தான். உன்னைப் பற்றி நீ சொல்வது கிடக்கட்டும். லிங்க் கொடுத்து உன்னைக் கைகாட்டுவது யார்? கைகாட்டுபவர் பெரிய மனிதரானால் மதிப்பு கூடும். உடனே நம்மவர்கள் கைகாட்டலையே கூறுகட்டி விற்றார்கள். 2012-இல் ஒரு தேடல் மாற்றத்துக்குப் 'பெங்குயின்' என்று பெயர் வைத்து, அப்படி விலைக்கு வாங்கியவர்களைக் கூகுள் கீழே தள்ளியது.

பக்கத்திலிருக்கும் பேராலயத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. இப்போதைய கட்டடம் 1896-இல் வந்ததுதான். ஆனால் அங்குள்ள தோமையார் கல்லறையைப் பற்றி, பேஜ்ரேங்க்குக்கு ஏறக்குறைய 700 ஆண்டுகள் முன்பே மார்க்கோ போலோ சொல்லிவிட்டார். அதைவிடப் பெரிய இடத்து லிங்க் ஏது?

நண்பருக்கு என் யோசனை ஒன்றுதான்: தம்பியை மாவாட்ட அனுப்புங்கள், சட்னியில் தேங்காயைக் கூட்டுங்கள். கைகாட்ட ஆள் தானாக வரும்.