மூலக்கூறு என்ன விலை?

கேள்வி: ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த என் மகள், உயிர்வேதியியல்தான் படிப்பேன் என்கிறாள். செலவு குறைவாக எங்கே சேர்ப்பது?
– ஒரு தாய், சதுரங்கப்பட்டினம்

பதில்: கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அணுவை விட்டு மூலக்கூறுக்குத் தாவுகிறாளா? தைரியசாலிதான்! பட்டத்தின் பெயர் அழகாக இருக்கிறதென்று தனியார் கல்லூரிக்காக நகையை அடகு வைக்காதீர்கள். செங்கல்பட்டு அரசு கலைக் கல்லூரியில் வேதியியல் படிக்கட்டும். இளநிலைக்குக் கல்விக் கட்டணம் இல்லை, சில்லறைக் கட்டணங்கள்தான். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வேறு வரும். உயிர்வேதியியலை எம்.எஸ்ஸி.யில் பிடித்துக்கொள்ளலாம்; சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் அதற்கென்றே துறை உண்டு. எந்தத் துணைப்பாடம் கேட்பார்கள் என்று மட்டும் இப்போதே விசாரித்துவிடுங்கள். பட்டப் பெயரா முக்கியம்? சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் பட்டம் வாங்கியது இயற்பியலில். உயிரணுவுக்குள் புரதம் கட்டும் ரைபோசோமைக் குடைந்து 2009இல் நோபல் வாங்கியது வேதியியலில்!