வாட்சை ஒரு படம் எடுத்துக்கோங்கோ

காட்மாண்டு விமான நிலையத்தில் பெட்டிகள் வந்து சேருவதற்குள் மாமா இடது கையை நீட்டிக்கொண்டு நின்றுவிடுவார். "எல்லாரும் அவாவா போன்ல என் வாட்சை ஒரு படம் எடுத்துக்கோங்கோ. அப்புறம்தான் பஸ்." முக்திநாத் யாத்திரைக்கு எந்தக் குழு கிளம்பினாலும் அதில் இவர் ஒருவர் உண்டு. வங்கியிலோ தணிக்கைத் துறையிலோ இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் திரும்பியதும் அத்தனை பேர் படங்களையும் வாங்கி, எடுத்த நேரப்படி அடுக்கி, ஒரே ஆல்பமாக்கித் தருவதற்கே பிறவி எடுத்தவர். குழு அவருக்கு வைத்திருக்கும் பெயர் வரிசை மாமா.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதுதான் எரிச்சல். டிஜிட்டல் படம் ஒவ்வொன்றுக்குள்ளும் எடுத்த தேதியும் நேரமும் பதிவாகியிருக்கும். எக்ஸிஃப் என்று பெயர். 1995-இல் ஜப்பானில் வகுத்த முறை. ஆனால் அதில் பதிவாவது கேமராவின் கடிகாரம் சொன்ன நேரம். அது எந்த ஊர் நேரம் என்று குறிக்க வெகுகாலம் இடமே கிடையாது, 2016-இல்தான் சேர்த்தார்கள். ஆகவே எல்லாரும் ஒரே வாட்சைப் படம் பிடித்தால், வாட்சின் நேரத்தையும் படத்தின் நேரத்தையும் கழித்துப் பார்த்து, அந்தக் கேமராவின் படங்கள் முழுவதையும் அவ்வளவு நேரம் நகர்த்திவிடலாம். எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் இதை நிமிஷத்தில் செய்துவிடும்.

இது ஏட்டில். காட்மாண்டுவில் நடந்தது வேறு. ஒரு மாமியின் போன் செல்ஃபியில் இருந்தது. அவர் முகம் லட்சணமாக விழுந்தது, வாட்ச் விழவில்லை. இன்னொருவருக்குக் கை நடுங்கி முள் மூன்றாகத் தெரிந்தது. பேரன் நியூஜெர்சியிலிருந்து வாங்கிவந்த கேமராவை ஒருவர் அப்படியே கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். அது ஏப்ரல் மாதம். அமெரிக்க நேரம் ஒன்பதே முக்கால் மணி பின்னால். முக்திநாத்தில் காலை ஏழு மணிக்கு அதில் எடுத்த படம், முந்தைய நாள் ராத்திரி ஒன்பதேகாலுக்கு எடுத்ததாகச் சாதித்தது.

ஒன்பதே முக்கால் மணி நேரத்தையாவது பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடலாம். மாமாவின் தூக்கத்தைக் கெடுத்தது வெறும் கால் மணி நேரம்.

நேபாளத்தின் கடிகாரம் நம்முடையதைவிட 15 நிமிடம் முன்னால் ஓடுகிறது. 1986-லிருந்து அப்படித்தான், கௌரிசங்கர் சிகரத்தின் வழியே போகும் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். உள்ளூர் சிம் வாங்கியவர்களின் போன் தானாகவே நேபாள நேரத்துக்கு மாறிவிட்டது. ரோமிங் போடாமல் சிக்கனம் பிடித்தவர்களின் போன் இந்திய நேரத்திலேயே நின்றது. 3,700 மீட்டருக்கு மேல் உள்ள முக்திநாத்தில் கோயிலைச் சுற்றி 108 தாரைகள். பனி உருகிய தண்ணீர். அதில் யாரும் நிதானமாகக் குளிப்பதில்லை. குனிந்தபடி ஓடி, அலறிக்கொண்டு வெளியே வந்துவிடுவார்கள். அந்த ஓட்டம் முழுக்க மாமாவின் கால் மணிக்குள் அடக்கம். விளைவு, ஆல்பத்தில் ஒரு தம்பதி சொட்டச் சொட்ட நிற்கிறார்கள், அடுத்த படத்தில் உலர்ந்த வேட்டியோடு தாரையை நோக்கிப் போகிறார்கள், அதற்கடுத்ததில் மறுபடி ஈரம். பார்ப்பவர்கள் இவர்கள் இரண்டு தடவை குளித்த மகா புண்ணியவான்கள் என்றே நினைப்பார்கள்.

இதைச் சரிசெய்ய அந்த வாட்ச் படம் போதுமே என்று தோன்றும். போதாது. மாமா தம் வாட்சை நேபாள நேரத்துக்குத் திருப்பியது, யார் யார் படம் எடுப்பதற்கு முன்பு, யார் யார் எடுத்த பின்பு என்பது அவருக்கே நினைவில்லை.

வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியவர்கள் பட்ட பாடு தனி. அந்த வழியில் வரும் படத்தில் எடுத்த நேரம் உதிர்ந்துபோகும். கோப்பின் பெயரில் வேறு தேதி ஒட்டிக்கொள்ளும். "டாக்குமெண்ட்டா அனுப்புங்கோன்னு எத்தனை தடவை சொல்றது!"

ஆனாலும் மனுஷர் லேசுப்பட்டவர் இல்லை. முக்திநாத் போகும் வழியில் உள்ள ஜோம்சோமில் முற்பகல் தாண்டினால் காற்று ஆளையே தள்ளும். பொக்காராவிலிருந்து வரும் சின்ன விமானங்கள் அதற்குப் பயந்துதான் காலையிலேயே பறந்து முடிக்கின்றன. நேரம் உதிர்ந்த படங்களை மாமா இதை வைத்தே பிரித்தார். புடவைத் தலைப்பு தோளில் கிடந்தால் காலை, பறந்தால் மதியம். டீக்கடைப் படங்களை டம்ளரில் மீதியிருந்த டீயின் அளவை வைத்து அடுக்கினார். துப்பறியும் நிபுணர் கெட்டார்!

எல்லாம் சரி, ஆல்பம் எங்கே? வருஷம் ஓடிவிட்டது. கேட்டால், "ஜோம்சோம்ல இன்னும் நாலு படம் உதைக்கறது" என்கிறார். மாமாவிடம் பத்திரமாக இருக்கிறது என்ற தைரியத்தில் பாதிப் பேர் போனில் இடம் வேண்டி எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். சிலர் போனையே மாற்றிவிட்டார்கள். தங்கள் படத்தைத் தாங்களே பார்க்க முடியாமல், யாத்திரை போன அத்தனை குடும்பமும் ஒருவருடைய மேஜை கணினிக்குக் காத்திருக்கிறது. இது சேவை இல்லை, ஜப்தி.

மாமா, வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பென்டிரைவோடு உங்கள் வீட்டுக்கு ஆள் வருகிறது. ஈரம் முன்னே, உலர்ந்தது பின்னே என்று எப்படி இருக்கிறதோ அப்படியே ஏற்றிக் கொடுத்துவிடுங்கள்.