நாயைக் கடிச்ச முருகன்

ஏலே பேராண்டி, ராத்திரி பூரா லைட்டைப் போட்டுக்கிட்டு நவுன், வெர்ப், அட்ஜெக்டிவ்னு முனங்குதியே, தொழுவத்துல நிக்க மாட்டுக்கே மனப்பாடம் ஆயிட்டு. உனக்குத்தான் ஆன பாட்டைக் காணோம்.

நானும் பழைய எஸ்.எஸ்.எல்.சி.தாம்லே. ரென் அண்டு மார்ட்டின் கிராமர் புஸ்தகம் எனக்கும் தெரியும். அந்த ரென் இருக்காரே, இந்தியாவுல கல்வி இலாகாவுல வேலை பார்த்தவரு, 1924-ல ‘போ ஜெஸ்ட்’னு பட்டாளத்துக் கதை எழுதிப் பேர் வாங்கினவரு. இலக்கணக்காரருக்கே கதையில ஆசை. நீ என்னன்னா கதையையும் இலக்கணமா உருப்போடுதே.

இந்தா கேளு. ‘முருகன் நாயைக் கடிச்சான்’, ‘நாயை முருகன் கடிச்சான்’, ‘கடிச்சான் முருகன் நாயை’. எப்படித் திருப்பிப் போட்டாலும் கேசு முருகன் மேலதான். ஏன்னா ‘ஐ’ங்கிற கயிறு நாய் கழுத்துல கிடக்கு. இங்கிலீசுல அந்தக் கயிறு அறுந்து ரொம்பக் காலமாச்சு; ஹி, ஹிம்னு பிரதிப்பெயர்ல மட்டும் கொஞ்சம் மிச்சம் தொங்குது. அதனால நிக்கிற இடந்தான் அங்க அடையாளம். வெர்புக்கு முன்னால நிக்கவன் கடிச்சவன், பின்னால நிக்கவன் கடிபட்டவன். இடத்தை மாத்திட்டேன்னா ஊசி போடப் போறது முருகன். சப்ஜெக்ட், ஆப்ஜெக்டுன்னு நீ மண்டையை உடைக்கது இம்புட்டுத்தான்.

பேசிவ் வாய்ஸ் வரல்லையா? நம்ம ஊர்ல அது வராத ஆளு யாருலே? ‘சாலை அமைக்கப்பட்டது’, ‘நிதி வழங்கப்பட்டது’ன்னு போர்டு போர்டா நிக்கு. யாரு அமைச்சா, யாரு கைக்குப் போச்சுன்னு கேட்டுப் பாரு. ‘பை’ போட்டு ஆளைக் காட்டணும்னு கட்டாயம் கிடையாது. அந்தச் சௌகரியத்துக்குத்தான் ஆபீசுக்காரங்க அதைக் கட்டிக்கிட்டு அழுதாக.

இனி பாட்டு. வேர்ட்ஸ்வொர்த்தோட டாஃபடில்ஸ். தன்னை மேகத்துக்கு ஒப்பிடுதாரு, அது சிமிலி. பூ ஆட்டம் போடுதுங்காரு, பர்சானிஃபிகேஷன். ஒரு பார்வையிலேயே பத்தாயிரம் பூங்காரு, ஹைப்பர்போலி. பக்கத்துல நின்னு எண்ணினவன் எவன்? இதுக்கெல்லாம் மார்க்கு உண்டு, எழுதிக்கோ. ஆனா தனியாத் திரிஞ்சதாச் சொல்லுதாரு பாத்தியா, கள்ளத்தனம் அங்கதாம்லே இருக்கு. 1802 ஏப்ரல் 15-ல அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில தங்கச்சி டாரதி கூட நடந்துதான் அந்தப் பூவைப் பார்த்தாரு. பூ எப்படிச் சாஞ்சு கிடந்துச்சு, எப்படி ஆடிச்சுன்னு அந்தப் பிள்ளை நாட்குறிப்புல தேதி போட்டு எழுதி வச்சிருக்கு. அண்ணன் பாட்டுக் கட்டினது அதுக்கும் ரெண்டு வருசம் கழிச்சு. 1807-ல அச்சுக்கும் வந்துட்டு. பாட்டுல தங்கச்சியைத் தேடிப் பாரு, ஆளைக் காணோம்! அதுல நல்ல வரி ரெண்டு சம்சாரம் மேரி சொன்னதுன்னு பிறவு அவரே ஒத்துக்கிட்டாரு. வேலை செஞ்சது வீட்டுப் பொம்பளைங்களும் சேர்ந்து, பேரு ஆம்பளைக்கு. நம்ம வீட்ல மட்டும் என்ன வாழுது? ஆகையினால, பாட்டுல ‘நான்’ங்கவனும் பாட்டை எழுதினவனும் ஒரே ஆளுன்னு நம்பிராத. ‘ஸ்பீக்கர்’ யாருன்னு கேள்வி வாரது அதுக்குத்தான்.

கதைக்கு ஓ. ஹென்றி ஒருத்தர் போதும். பொண்டாட்டி கூந்தலை வித்துப் புருசன் கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்குதா. அவன் கடிகாரத்தை வித்து அவ கூந்தலுக்குச் சீப்பு வாங்குதான். அதான் ஐரனி. கான்ஃப்ளிக்ட் எங்கன்னு கேட்டா, புருசன் பொண்டாட்டி சண்டையைத் தேடாத. கையில காசில்லை, அதான் எதிரி.

பரிட்சையில எந்தக் கேள்வி வந்தாலும் யாரு செஞ்சா, யாருக்குச் செஞ்சா, யாரு வாயால கேக்கோம்னு முதல்ல பாரு. பேரு பிறகு தானா வரும். ஸ்பெல்லிங் மட்டும் என்கிட்டக் கேக்காத. அதுல நியாயம் பார்த்தா ஆகாது, மனப்பாடந்தான்.