சுங்கான் விதி விசாரணை

செஞ்சிக் கோட்டைக்கு அணித்தான அனந்தபுரம் என்னும் பேரூரில், சுங்கானை வாயில் வைத்த மனிதர் ஒருவரும் இதுவரை என் கண்ணில் பட்டதில்லை. இதை எழுதுகிறவனுக்கும் புகைக்கும் பழக்கம் கிடையாது. ஆகவே சுங்கான் பிடிப்பதற்கென்று மேனாட்டார் வகுத்துவைத்திருக்கும் விதிகளைப் பட்சபாதமின்றி விசாரிக்க இதைவிடத் தகுந்த ஸ்தலம் பூமண்டலத்தில் இல்லை.

மலையிலே புகை தோன்றுவதால் அங்கே தீ உண்டென்று கொள்வதே அனுமானப் பிரமாணத்துக்குத் தர்க்க சாஸ்திரிகள் பரம்பரையாகக் காட்டிவரும் உதாரணம். அவர்களுக்கு வாய்த்தது ஒரு மலை. எமக்கோ செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று. 1649இல் இக்கோட்டையைப் பிடித்தது பீஜப்பூர்ப் படை. அந்தப் பீஜப்பூரிலிருந்துதான், அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்னரே, ஆசாத் பேக் என்னும் அதிகாரி புகையிலையையும் அலங்காரமானதொரு குழாயையும் கொண்டுபோய் அக்பர் சமுகத்தில் வைக்க, வைத்தியர் தடுத்தும் கேளாமல் பாதுஷா சில இழுப்பு இழுத்துப் பார்த்தார். ஆகவே ராஜகிரியின் உச்சியில் அந்நாளில் புகை எழுந்திருக்கும் என்பது என் அனுமானம். பிற்பாடு மொகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் 1690 முதல் 1698 வரை இக்கோட்டையை முற்றுகையிட்டுக் காலங்கடத்தியதற்குச் சரித்திராசிரியர்கள் ரகசிய உடன்பாடு முதலிய காரணங்களைத் தேடி அலைகிறார்களே யொழிய, ஹுக்காவை ஒருவரும் சந்தேகிக்காதது எனக்குப் பெருவியப்பு.

இனி விதிகள். சுங்கானில் புகையிலையை மூன்றடுக்காக நிரப்பி, முதலடுக்கைக் குழந்தையின் கைபோலவும், இரண்டாவதைப் பெண்ணின் கைபோலவும், மூன்றாவதை ஆடவனின் கைபோலவும் அழுத்தவேண்டும் என்பர். ஒரு சிட்டிகைப் புகையிலைக்கு ஒரு குடும்பமே வேண்டியிருக்கிறது. தீயை இருமுறை மூட்டவேண்டும். முதலாவது பொய்த்தீ, இரண்டாவதே மெய்த்தீ என்கிற இந்தப் பேதத்தைக் கேட்டால் அத்வைதிகளும் சற்றுத் தயங்குவார்கள். புதுச் சுங்கானை முதலில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே நிரப்பி, உட்சுவரில் கரி படியும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஒருமுறை புகைத்த சுங்கானுக்கு ஒரு நாளாவது ஓய்வு தரவேண்டும் என்பதால், கிழமைக்கொன்றாக ஏழு சுங்கான்களைப் பெட்டியில் அடுக்கி விற்பவர்களும் உண்டு. எங்கள் பக்கத்து உழவு மாட்டுக்குக் கிட்டாத ஓய்வு அது.

இவ்விதிகள் தொன்றுதொட்டவை என்பது பூர்வபட்சம். அது நிலைக்காது. கரி படியவைப்பதும் ஓய்வு கொடுப்பதும் மரச் சுங்கானுக்கு உரியவை. மரம் சூட்டில் கருகும், ஈரத்தை உறிஞ்சும். மத்தியதரைக் கடற்கரைப் புதரான பிரையரின் வேர்க்கட்டையில் சுங்கான் கடையும் தொழில் பிரான்ஸிலுள்ள சேன் குளோத் என்னும் ஊரில் தலையெடுத்ததே பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில்தான். அதற்குமுன் ஐரோப்பாவின் சாமானிய ஜனங்கள் புகைத்தது களிமண் குழாயில். அழுக்கேறினால் அதை நெருப்பிலே போட்டுச் சுட்டெடுத்து மறுபடி வாயில் வைத்தார்கள். 1750 முதல் 1761 வரை செஞ்சியை வைத்திருந்த பிரஞ்சுச் சிப்பாய்க்கு இந்தக் கரி சாஸ்திரத்தைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பான்.

சிஷ்டாசாரம், அதாவது பெரியோர் ஒழுக்கம், விதிக்குத் துணை நிற்குமா? சுங்கான் உலகில் ஷெர்லாக் ஹோம்ஸுக்கு மேலான பெரியோர் இல்லை. நூற்றுநாற்பது வகைப் புகையிலைச் சாம்பலைப் பற்றி நூல் எழுதியவரும், தரையில் சிந்திய சாம்பலைக் கொண்டே திருச்சிராப்பள்ளிச் சுருட்டென்று கண்டுகொண்டவருமான அந்த மகாபுருஷர், முந்தின நாள் சுங்கான்களில் எஞ்சிய கட்டைகளையும் கசடுகளையும் சேர்த்து உலரவைத்து, மறுநாட் காலையில் பலகாரத்துக்கு முன்னால் அவற்றையே அடைத்துப் புகைத்ததாகக் கதையாசிரியர் கானன் டாயில் எழுதிவைத்திருக்கிறார். மேற்சொன்ன விதிகளில் ஒன்றுகூட இதிலிருந்து பிழைத்திருக்க வழியில்லை.

உள்ளூர்ச் சாட்சியத்துக்கு, பாதி எரிந்த சுருட்டைக் காதில் செருகியிருந்த ஒரு பெரியவரிடம், அணைந்ததை மறுபடி பற்றவைப்பது முறையா என்று வினவினேன். "அணைஞ்சி போனா பத்த வெச்சிக்கினு போவ வேண்டியதுதானே ஐயா, அதுக்கு என்னாத்துக்கு முறை?" என்றார். ஆந்திரக் கடற்கரையில் நெருப்பு முனையையே வாய்க்குள் வைத்துச் சுருட்டுப் பிடிக்கும் பெண்கள் உண்டு. நெருப்பு வெளியே இருக்கவேண்டும் என்கிற ஆதி விதியே அங்கே தலைகீழ். அவர்களுடைய அண்ணத்தில் புற்றுநோய் காண்பதை வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆனால் விதிப்படி புகைத்தவரை அந்நோய் விட்டுவைத்ததாக எந்த வைத்தியரும் எழுதவில்லை.

ஆகவே சித்தாந்தம் இது: மரத்தைக் காக்கும் சில விதிகளுக்கு நியாயம் உண்டு, புகைப்பவரைக் காக்கும் விதி ஒன்றும் இல்லை. எஞ்சியவை யாவும் ஒரு துர்ப்பழக்கத்தை விரதம்போல் தோற்றச் செய்வதற்காக ஏற்பட்ட சடங்குகள். புகைபற்றி நான் பரிசோதித்தவற்றில் ஆட்சேபணைக்கு இடமில்லாத விதி ஒன்றே ஒன்று. 2008 அக்டோபர் 2 முதல் இந்நாட்டில் நடைமுறையில் இருப்பது. பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம்.