குச்சி சுத்துற பேராண்டிக்கு

ஏன்டா பேராண்டி, ஒரகடத்துல ஷிப்ட் முடிச்சு வந்து தூங்காம, மொட்டை மாடியில ரெண்டு பிரம்பை வெச்சுக்கிட்டுக் காத்தை வெளுத்து வாங்குறியாமே? துணி காயப்போட வந்த உங்கம்மா சொன்னா. இதுவரைக்கும் அடிபட்டது உங்கப்பன் வேட்டி ஒண்ணுதானாம்.

பிலிப்பைன்ஸ் வித்தையாம். ஆர்னிஸ்ங்கிறான், எஸ்கிரிமாங்கிறான், காலிங்கிறான். கெட்டிக்கார வித்தைதான், நான் இல்லேங்கலை. ரெண்டே கால் அடி, கூடப்போனா ரெண்டரை அடிப் பிரம்பு. மத்த வித்தையில பல பேரு வெறுங்கையில தொடங்கிக் கடைசியில ஆயுதத்தைக் காட்டுவாங்க. இவங்க முதல்லயே குச்சியைக் கையில கொடுத்துடறாங்க. குச்சி போற வழியிலதான் கத்தியும் போகும், வெறுங்கையும் போகும்னு அவங்க கணக்கு. வர்றவன் மண்டையைத் தேடாதே, ஆயுதம் புடிச்ச கையை அடிங்கிறாங்க. பல்லு போன பாம்பு அப்புறம் என்னத்தைக் கடிக்கும்? 2009-ல சட்டமே போட்டு அதைத் தேசிய விளையாட்டாக்கிட்டாங்க. 2019-ல அவங்க ஊர்ல நடந்த தென்கிழக்கு ஆசியப் போட்டியில, ஆர்னிஸுக்கு வெச்ச 20 தங்கத்துல 14 அவங்களுக்கே.

சரி, உனக்கு வாத்தியார் யாரு? போன். அது திருப்பி அடிக்குமா? எதிர்ல ஒருத்தன் நின்னு மாத்தி மாத்தித் தட்டினாத்தான் கண்ணும் கையும் பழகும். உன் காலும் வெச்ச இடத்தை விட்டு நகரவே மாட்டேங்குதாம். அவங்க முக்கோணம் போட்டுக் கால் மாத்துறாங்க. நம்ம சிலம்ப ஆசான்கிட்ட போனாலும் காலடிதான் முதல் பாடம். அதுக்குப் பொறுமை வேணும். வீடியோவைத் தள்ளிவிடுற மாதிரி காலடியைத் தள்ளிவிட முடியாது.

பிலிப்பைன்ஸ் வீரன் லாப்பு லாப்பு கதை தெரியுமா? 1521 ஏப்ரல் 27, மக்தான் தீவு. ஸ்பெயின் கப்பல்ல வந்த மெகல்லன் கவசம் மாட்டிக்கிட்டுக் கரையில இறங்குறான். கூடவே இருந்த பிகாபெட்டா எழுதி வெச்சிருக்கான்: உடம்புல இரும்பு, கால்ல ஒண்ணுமில்லை, அதனால அந்த ஊர்க்காரங்க காலைப் பார்த்தே அடிச்சாங்களாம். மெகல்லன் அங்கேயே முடிஞ்சான். உன் வாத்தியார் போன் இவ்வளவுதான் சொல்லும். மிச்சத்தையும் கேளு. கரை இறங்கினவன் 49 பேரு, எதிர்ல நின்ன லாப்பு லாப்பு ஆளுங்க 1,500 பேருன்னு அதே பிகாபெட்டா கணக்குச் சொல்றான். அம்மாம் பெரிய வீரனே தனியா நின்னு சுத்தலைடா! நீ மட்டும் மறைமலை நகர் ஸ்டேஷன்ல இறங்கி, காதுல பாட்டை மாட்டிக்கிட்டு, இருட்டுல ஒத்தையா வர்றே.

பையில பிரம்பு இருக்குன்னு தைரியமா? ஜிப்பைத் திறக்குறதுக்குள்ள போனைப் புடுங்கினவன் ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டியிருப்பான். கத்தியைக் காட்டினா போனைக் கொடுத்துட்டு ஓடு. தவணை பாக்கியிருந்தாலும் கொடு. தப்பிக்க வழியே இல்லேன்னா அடி. அதுக்குச் சட்டத்துலயே இடம் இருக்கு: 2024 ஜூலையில வந்த பாரதிய நியாய சன்ஹிதா, 34-ஆம் பிரிவுல இருந்து படி. 37-ஐ மட்டும் ரெண்டு தடவை படி, தேவைக்கு மேல அடிக்கக் கூடாதுன்னு இருக்கு. அவன் விழுந்தப்புறம் ஸ்டைலுக்காக ஒண்ணு போட்டேன்னு வை, கேஸ் உன் மேல திரும்பும். நான் ஜாமீனுக்கு வர மாட்டேன், முட்டி வலி.

இன்னொண்ணு. சிங்கப்பெருமாள் கோயில் – ஒரகடம் ரோட்டுல நீ பயப்பட வேண்டியது திருடனுக்கு இல்லை, கன்டெய்னர் லாரிக்கு. நீ பழகுற பன்னிரண்டு வகை அடியில எதுவும் அதுகிட்ட பலிக்காது.

கத்துக்கோ, வேணாங்கலை. ஆளா ஒரு ஆசானைத் தேடு, கூட ஒரு ஜோடியைச் சேர்த்துக்கோ. அவசர நம்பர் 112-ஐ போன்ல முதல்ல வை. இன்னைக்கு ராத்திரியில இருந்து ஷிப்ட் முடிஞ்சா நாலு பேரா வாங்க.