கிணறு வெட்டத் தண்ணீர் கிளம்பிய கதை

ரயிலைத் தவறவிட்டால் நாம் என்ன செய்வோம்? ரயில்வேயைத் திட்டிவிட்டு ஒரு டீ குடிப்போம். வீட்மன் பியர்சன் என்ற ஆங்கிலேய கான்ட்ராக்டர், 1901 ஏப்ரலில் டெக்ஸாஸின் லரேடோவில் கனெக்‌ஷன் ரயிலைக் கோட்டைவிட்டார். மூன்று மாதம் முன்புதான் அதே டெக்ஸாஸில், ஸ்பிண்டில்டாப்பில் எண்ணெய் பீய்ச்சியடித்திருந்தது. ஊரே எண்ணெய்ப் பித்துப் பிடித்துத் திரிந்தது. பியர்சனுக்கும் தொற்றிக்கொண்டது. ஒரே ராத்திரியில் கையில் கிடைத்ததைப் படித்துவிட்டு, மெக்ஸிகோவில் இருந்த தன் ஆளுக்குத் தந்தியடித்தார்: எண்ணெய் வாடை அடிக்கிற நிலத்தையெல்லாம் வளைத்துப் போடு!

பியர்சன் லேசுப்பட்டவரில்லை. தேம்ஸ் நதிக்கு அடியில் சுரங்கம், வெராகுரூஸ் துறைமுகம், மெக்ஸிகோ சிட்டியின் வெள்ளத்தை வெளியேற்றும் பெரிய கால்வாய் எல்லாம் அவர் கட்டியவை. தண்ணீரை அடக்குவதுதான் அவருடைய பிழைப்பே. (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) போதாததற்கு கால்செஸ்டர் தொகுதி எம்.பி. வேறு. லண்டனில் தலையே காட்டாததால் ‘மெக்ஸிகோ எம்.பி.’ என்று கிண்டலடித்தார்கள். நம்மூர் யாரையும் நான் சொல்லவில்லை!

ஏழு வருஷம் பணத்தைக் கொட்டிய பிறகு, 1908 ஜூலை 4 அன்று, டோஸ் போகாஸ் என்ற இடத்தில் ஜாக்பாட் அடித்தது. அடித்த அடியில் கிணறே சிதறியது. கொதிகலனில் எரிந்த நெருப்பு எண்ணெயைப் பற்றிக்கொள்ள, கிட்டத்தட்ட இரண்டு மாதம் எரிந்தது. கடலில் வெகுதூரம் போன கப்பல்களுக்கெல்லாம் இலவச லைட் ஹவுஸ். ஒருவழியாக அணைந்ததும், ஆவலோடு எட்டிப் பார்த்தார்கள். பெரிய பள்ளம். அதில் சுடச்சுட உப்புத்தண்ணீர்!

பூமி இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்லும்? ஆனால் காது கொடுக்க ஆளில்லை. 1910 டிசம்பரில் போத்ரேரோ தெல் யானோ 4-ஆம் நம்பர் கிணறு தினம் 1 லட்சம் பேரலுக்கு மேல் கக்கியது. 1916-ல் போட்டியாளர் எட்வர்ட் டோஹனியின் செர்ரோ அசுல் 4, துளைபோடும் கருவிகளையெல்லாம் வானத்துக்குத் தூக்கியெறிந்துவிட்டு, தினம் 2,60,000 பேரல் என்று எகிறியது. அந்தப் பகுதிக்கே ‘தங்கப் பட்டை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இத்தனை தாராளத்துக்குக் காரணம் அடியில் இருந்த சுண்ணாம்புப் பாறை. உடம்பெல்லாம் விரிசல், பொந்து, குகை. மணற்பாறையில் எண்ணெய் துளித்துளியாகக் கசிந்து வரவேண்டும். இங்கே விரிசல் வழியே ஓடியே வந்துவிடும். ஒரே சிக்கல், அந்த எண்ணெய் உட்கார்ந்திருந்தது உப்புத்தண்ணீரின் தலைமேல். வால்வை முழுசாகத் திறந்து உறிஞ்சினால், கீழே இருக்கும் தண்ணீர் அதே விரிசலைப் பிடித்துக்கொண்டு மேலே வந்துவிடும். அதுவும் எண்ணெயைவிட வேகமாக.

வைத்தியம் எல்லோருக்கும் தெரியும். வால்வைக் கொஞ்சம் மூடி, நிதானமாக எடுக்கவேண்டும். எங்கே மூடுவது? தங்கப் பட்டையில் அமாத்லான் என்ற ஊர்ப் பக்கம் நிலமெல்லாம் துண்டு துண்டாக வெவ்வேறு கம்பெனிகளிடம். நாம் மூடினால் பக்கத்துக் கிணற்றுக்காரர் நம் எண்ணெயையும் சேர்த்து இழுத்துவிடுவார். கோடையில் அபார்ட்மென்டுக்கு அபார்ட்மென்ட் போர்வெல் போட்டி நடக்கிறதே, அச்சு அசல் அதேதான். பொறுமையாக இருந்தவருக்கு மிஞ்சியது நல்ல பெயர் மட்டும்.

முதலில் எண்ணெய் கொழகொழவென்று பழுப்பு நுரையாக வரும். நீராவியால் சுடவைத்துத் தண்ணீரைப் பிரிக்கப் பார்ப்பார்கள். கிணற்றின் அடியில் சிமென்ட் கொட்டி அடைப்பார்கள். சிமென்ட் விரிசலுக்குள் எங்கோ டூர் போய்விடும். தண்ணீர் வேறு வழியாக வந்து வணக்கம் சொல்லும். கொஞ்ச நாளில் எண்ணெய்க் கிணறு, வெறும் உப்புத்தண்ணீர்க் கிணறு.

இங்கேதான் பியர்சன் தன் வாழ்நாளின் மாஸ்டர்பீஸைச் செய்தார். 1919 வாக்கில் தன் எண்ணெய்க் கம்பெனியின் கன்ட்ரோலை ராயல் டச் ஷெல்லிடம் ஒப்படைத்தார். வாங்கியவர் ஹென்றி டெட்டர்டிங். ‘எண்ணெய் உலக நெப்போலியன்’ என்று பட்டம் பெற்றவர். பத்திரம் கைக்கு வந்த சூடு ஆறுவதற்குள் பெரிய கிணறுகளில் உப்புத்தண்ணீர் புகுந்துவிட்டது! கிணற்றைத்தான் விற்றேன், தண்ணீரை விற்கவில்லை என்று வம்பு செய்தவன் கதை நமக்குத் தெரியும். பியர்சன் ஜென்டில்மேன். தண்ணீரையும் சேர்த்தே கொடுத்தார்.

தெரிந்தே விற்றாரா? தெரியாமல் விற்றார் என்றே வைத்துக்கொள்வோம். ரயிலைத் தவறவிட்டுக் கோடீஸ்வரரானவருக்கு அதிர்ஷ்டம் அந்த மாதிரி.

1921-ல் மெக்ஸிகோ 19 கோடி பேரலுக்கு மேல் எடுத்து, அமெரிக்காவுக்கு அடுத்து உலகில் இரண்டாவது. 1930-ல் சுமார் 4 கோடி! கம்பெனிக்காரர்கள் அரசாங்கத்தின் வரியைத் திட்டினார்கள், சட்டத்தைத் திட்டினார்கள். அதெல்லாமும் உண்மைதான். முழுசாகத் திறந்துவிட்ட வால்வை மட்டும் யாரும் திட்டவில்லை.

டோஹனியும் சும்மா இல்லை. 1925-ல் தன் மெக்ஸிகோ சொத்துகளை இண்டியானாவின் ஸ்டாண்டர்ட் ஆயில் தலையில் கட்டினார். அவர்கள் 1932-ல் நியூஜெர்ஸி ஸ்டாண்டர்ட் தலையில் கட்டினார்கள். நியூஜெர்ஸிக்காரர்கள் அடுத்த தலையைத் தேடுவதற்குள், 1938-ல் ஜனாதிபதி கார்தெனாஸ் ஷெல்லையும் சேர்த்து மொத்தத்தையும் நாட்டுடைமையாக்கிவிட்டார்.

நஷ்டஈடு பேரம் வருஷக்கணக்கில் இழுத்தது. பூமிக்கடியில் இன்னும் எடுக்காத எண்ணெய்க்கும் விலை வேண்டும் என்று கம்பெனிகள் அடம்பிடித்தன. கூடவே கிடந்த உப்புத்தண்ணீரை மட்டும் பில்லில் சேர்க்கவில்லை.