ஒரே ஒரு பாட்டு அண்ணாச்சி

சென்னையிலும் பெங்களூரிலும் பப்புகளில் ஒரு நாள் ராத்திரி மைக்கைப் பொதுவில் வைத்து, ஆசைப்பட்டவர் ஏறிப் பாடலாம் என்பதைப் புதுமை என்கிறார்கள். தாமிரபரணிக் கரையில் இது பழைய சங்கதி. (இங்கே டாஸ்மாக் பாரில் மைக் கிடையாது, அங்கே பாடுகிறவர்களுக்கு அது தேவைப்படுவதும் இல்லை.) பாபநாசம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எந்த ஊர் அம்மன் கொடையில் மெல்லிசைக் கச்சேரி வைத்தாலும், நாலைந்து பாட்டு முடிவதற்குள் மேடைப் படியருகே ஒருவர் வந்து நிற்பார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். சட்டைப் பையில் நாலாக மடித்த பாட்டுத்தாள் இருக்கும். கொடைக் கமிட்டியில் யாருக்காவது மச்சான் முறையாகவும் இருப்பார். “தம்பி, ஒரே ஒரு பாட்டு. பாடிட்டு எறங்கிருதேன்” என்பார். குழுவினருக்கு அவர் தொல்லை. சங்கீதம் தெரிந்தவர்களுக்குத் தலைவலி. என் கட்சி வேறு. பணம் கொடுத்து வெளியூரிலிருந்து வரவழைத்த கச்சேரியில், அது நம்மூர்க் கச்சேரி என்பதற்கு மிஞ்சியிருக்கும் ஒரே அத்தாட்சி அவர்தான்.

கொடையின் பழைய கலைகளைப் பாருங்கள். கணியான் கூத்தில் மகுடம் அடிப்பவரின் கண் சாமியாடி மேல்தான் இருக்கும். அவருக்கு அருள் வர வர அடி முறுகும், வராவிட்டால் விடமாட்டார்கள். வில்லுப்பாட்டிலும் சுடலைமாடன் கதை உச்சத்துக்குப் போகும் நேரத்தைப் புலவர் மட்டும் தீர்மானிப்பதில்லை, எதிரே நிற்கும் சாமியாடியும் தீர்மானிக்கிறார். கலைஞர் வெளியூர்க்காரராக இருந்தாலும் ஆட்டம் உள்ளூர்க்காரருடையது. சத்திரம் புதுக்குளத்தில் பிறந்து, 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற சுப்பு ஆறுமுகம் வில்லை வானொலிக்கும் சபா மேடைக்கும் கொண்டுபோனார். பெரிய காரியம்தான், ஆனால் சபாவில் யாரும் எழுந்து ஆட வேண்டியதில்லை, கைதட்டினால் போதும். மெல்லிசைக் கச்சேரியும் நம்மை அப்படிக் கைதட்டும் கூட்டமாக்கி நாற்காலியில் உட்கார்த்தி வைத்திருக்கிறது. எழுந்து போகிறவர் அண்ணாச்சி ஒருவரே.

சுதி சேராதே என்பார்கள். சேராது. “என்ன சுதி அண்ணாச்சி?” என்று கீபோர்டுக்காரர் கேட்டால், “எதுன்னாலும் நமக்கு ஒத்துவரும்” என்று பதில் வரும். டி.எம். சௌந்தரராஜன் 2013-இல் மறைந்தது ஊருக்கெல்லாம் தெரியும், அண்ணாச்சியின் தொண்டைக்கு மட்டும் தெரியாது. பல்லவியை அவர் எட்டாத உயரத்தில் எடுக்க, கீபோர்டுக்காரரின் இடது கை டிரான்ஸ்போஸ் பொத்தானைத் தட்டித் தட்டி, இரண்டாவது வரிக்குள் அவரைப் பிடித்துவிடும். சரணத்தில் அரைக்கட்டை இறங்குவார்; விரலும் கூடவே இறங்கும். அடுத்த வரி மறந்து தாளைப் பிரித்து, வெளிச்சம் போதாமல் விளக்குப் பக்கம் திருப்பிப் பிடிப்பார். அதுவரை தபலாக்காரர் அதே தாளத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பார். தேர்ந்த பாடகருக்கு வாசிக்கையில் தேவைப்படாத வித்தை இது. கரோக்கி டிராக்குக்கு இது வருமா? டிராக் இரண்டாம் சரணத்துக்குப் போய்விடும், அண்ணாச்சி முதல் சரணத்தில் நின்றுகொண்டிருப்பார்.

காருகுறிச்சி அருணாசலம் நாகஸ்வரம் வாசித்த மண்ணில் இப்படியா என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். 1962-இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலும் அந்த நாகஸ்வரமும் போட்டியிட்டதைக் கேட்டவர்களுக்கு வருத்தம் நியாயம். ஆனால் அண்ணாச்சி அந்த ஆசனத்துக்கு உரிமை கோரவில்லை; இரண்டு சினிமாப் பாட்டுக்கு நடுவே ஐந்து நிமிஷம் கேட்கிறார். ராத்திரி பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லும் 2000-ஆம் ஆண்டு விதியைக் காட்டி அந்த ஐந்து நிமிஷத்தையும் பிடுங்கப் பார்க்கிறவர்கள், நன்கொடையாளர் பட்டியலை வாசிக்கவும் சால்வை போர்த்தவும் எவ்வளவு நேரம் போனது என்று கணக்குப் பார்த்ததுண்டா?

எனக்குக் கனமாகப் படும் ஆட்சேபம் ஒன்றுண்டு: அண்ணாச்சி ஏறுகிற படியில் மதினி ஏறுவதில்லை. மதினிக்குச் சுதியும் சேரும், தாளும் வேண்டாம். பாளையங்கோட்டையில் தேவாலயப் பாடகர் குழுவில் இருப்பவர்களுக்கு ஞாயிறுதோறும் வாய்ப்புண்டு. மற்றவர்களுக்குக் கல்யாண வரவேற்புதான், அதுவும் மாப்பிள்ளை வீட்டார் கேட்டுக்கொண்டால். கொடை மேடையில் மதினியைக் கூப்பிட வேண்டும் என்று கமிட்டியில் அண்ணாச்சியே பேசலாம். ஆனால் தன் முறை வருகிறதா என்று பார்க்கவே அவருக்கு நேரம் சரியாக இருக்கிறது.